இன்று புகலளிப்பவர் நாளை புகல் தேடலாம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

   

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் தம் பிறந்த மண்ணைத் துறந்து ஹிஜ்ரத் சென்ற நமது நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

போரினால் வீடு வாசல் இழந்து இடம்பெயர்ந்து வருபவர்களுக்கு நாம் எவ்வாறு உதவ வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். "பசித்தவனுக்குச் சோறு, உடையற்றவனுக்கு உடை, இதில் சிந்திக்க என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். சிந்திக்க நிறையவே இருக்கிறது. கொடுத்த கையினாலேயே ஒரு மனிதனைக் காயப்படுத்தவும் முடியும். எதையும் இலவசமாகக் கொடுக்காமலே அவனை நிமிர்ந்து நிற்கச் செய்யவும் முடியும். இரண்டையும் என் வாழ்வில் கண்டிருக்கிறேன்.

ஒரு வீடு, இரண்டு மாதங்கள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் தீவகம் தொடங்குகிறது. வேலணையைத் தாண்டி, புங்குடுதீவைத் தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தால் தரைவழி முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறிது நேரக் கடற்பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். நயினாதீவுப் படகில் நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் சைவர்களும், நாகதீப விகாரைக்குச் செல்லும் பௌத்தர்களும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பார்கள். அத்தீவில் முஸ்லிம் குடும்பங்களும் வாழ்ந்துவந்தன. அங்கே பள்ளிவாசலும் உண்டு. என் தாயார் அந்த மண்ணில் பிறந்தவர். என் தந்தையார் யாழ் நகரில் தையல் தொழில் செய்தவர்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் மாதத்தில் அரச படையினர் ஊர்காவற்றுறைப் பகுதியிலும் மண்டைதீவிலும் தரையிறங்கினர். தீவக மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு குடாநாட்டை நோக்கி ஓடினார்கள். பாடசாலைகளிலும் கோயில்களிலும் உறவினர் வீடுகளிலும் அவர்கள் தஞ்சம் புகுந்தனர். என் தாயாரின் உறவினர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தனர். இரண்டு அறைகள் கொண்ட அந்த வீட்டில் பதினைந்து பேர் உறங்கினோம். எனக்கு அப்போது பதினொரு வயது. என் பாயை வேறொருவருக்குக் கொடுக்க நேர்ந்ததற்காக நான் முகம் சுளித்தேன். தாயார் என்னைத் தனியே அழைத்து, "மகனே, இவர்கள் விருந்தாளிகள். இவர்களுடைய ரிஸ்கை இவர்களே கொண்டு வந்திருக்கிறார்கள்" என்று கூறினார்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் வந்தது. யாழ் நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்த தமிழீழ விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு நீங்குமாறு கட்டளையிட்டனர். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. அந்த ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இவ்வாறு வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வீட்டில் புகலிடம் கொடுத்தவர்களும் புகலிடம் பெற்றவர்களும் ஒரே வாசற்படியால், ஒரே நாளில், ஒன்றாக வெளியேறினோம்.

எண்ணிப் பாருங்கள், நேயர்களே! இரண்டே மாதங்கள். ஆகஸ்டில் பாய் விரித்துக் கொடுத்தவர் ஒக்டோபரில் படுக்கப் பாயின்றி நின்றார். புகலளிப்பவர் என்றும், புகல் தேடுபவர் என்றும் அல்லாஹ் மனிதரை இரு சாதியாகப் படைக்கவில்லை. ஒரே மனிதனே இரு நிலைகளிலும் சோதிக்கப்படுகின்றான். எனவே, நாளை நமக்கு எவ்வாறு கொடுக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அவ்வாறே இன்று நாம் கொடுக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், இன்றைய உரையின் நோக்கம் நிறைவேறிவிடும்.

அந்தப் புகைப்படம்

வடக்கிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டம் அடைக்கலமாயிற்று. அவ்வூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள்; பெரிய பெரிய சட்டிகளில் சோறு சமைத்துக் கொண்டுவந்தார்கள்; தென்னந்தோப்புகளில் குடிசை போட இடம் கொடுத்தார்கள். அவர்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். உப்பளத்திலும் கடலிலும் தோட்டத்திலும் உழைத்து வாழ்ந்தவர்களே. தமக்குத் தேவை இருந்தபோதும் பிறரைத் தம்மிலும் முற்படுத்திய மதீனத்து அன்ஸாரிகளைக் குர்ஆனில் ஸூரத்துல் ஹஷ்ரின் ஒன்பதாம் வசனம் புகழ்ந்துரைக்கிறது அல்லவா? அந்தப் புகழில் ஒரு பங்கு புத்தளத்து மக்களுக்கும் கிடைக்கட்டும் என்று அகதியாக வந்த நாங்கள் இன்றும் துஆச் செய்கிறோம்.

கிடுகுக் குடிசையில் வாழ்க்கை தொடங்கியது. உலருணவு நிவாரணம் கிடைத்தது. அரிசி, மா, சீனி, பருப்பு. அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று, அளந்து போடுவதைப் பையில் ஏந்தி வரவேண்டும். ஊரில் பத்துப் பேருக்கு வேலை கொடுத்த மனிதர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். முதற் சில நாட்கள் என் தந்தையார் வரிசைக்குச் செல்லவில்லை. தாயார்தான் சென்றார்.

ஒரு நாள் ஓர் உதவிக் குழுவினர் வந்தார்கள். அவர்கள் யார் என்பது இங்கே முக்கியமன்று. அவர்களது எண்ணத்தை அல்லாஹ்வே அறிவான். பால்மாப் பொதிகளைக் கொண்டுவந்திருந்தனர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பொதியை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் சோகமாகப் பார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சில மாதங்களின் பின்னர், அந்தப் படம் அச்சான துண்டுப்பிரசுரம் ஒன்று என் வகுப்பறைக்கு வந்தது. ஒரு மாணவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது நீதானே?" என்று கேட்டான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பால்மா எத்தனை நாட்களுக்குப் போதுமாயிருந்தது என்பது எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும், பெற்றவரின் மனத்தை நோகடித்தும் உங்கள் தருமங்களை வீணாக்கிவிடாதீர்கள் என்ற கருத்தை ஸூரத்துல் பகராவின் 264ஆம் வசனம் நமக்குப் போதிக்கிறது. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவனுக்கும் உணவளித்துவிட்டு, பிரதியுபகாரத்தையோ நன்றியையோ எதிர்பாராத நல்லடியார்களை ஸூரத்துல் இன்ஸான் நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறது. அன்று புகைப்படக் கருவி சிலரிடமே இருந்தது. இன்றோ ஒவ்வோர் இளைஞனின் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. இளைஞர்களே! நிவாரணம் பகிரச் செல்லும்போது அதைப் பையிலேயே வைத்திருங்கள். கணக்குக் காட்ட வேண்டுமாயின் பொதிகளைப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுங்கள். பெறுபவரின் முகத்தை விட்டுவிடுங்கள்.

சந்தை எங்கே?

அதே புத்தளத்தில் மற்றுமொரு மனிதர் இருந்தார். வயது முதிர்ந்தவர். என் தந்தையார் தையற்காரர் என்பதைக் கேள்விப்பட்டு, ஒரு மாலை நேரத்தில் துவிச்சக்கரவண்டியின் பின்னால் பழைய தையல் இயந்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, இது அன்பளிப்பு அன்று, வாடகைக்குத் தருகிறேன். மாதம் இரண்டு சட்டை தைத்துத் தாருங்கள். காசு சேர்ந்ததும் விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்றிரவு என் தந்தையார் குப்பி விளக்கின் ஒளியில் அந்த இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் விட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரை விட்டு வந்தபின் அவர் முகத்தில் ஒளி கண்டது அன்றுதான்.

அந்தப் பெரியவர் இயந்திரத்தைச் சும்மா கொடுத்திருக்கலாம். அவர் ஏன் வாடகை கேட்டார்? கொடுப்பவரும் பெறுபவரும் என்ற உறவை, இரு தொழிலாளர்களுக்கிடையிலான உறவாக மாற்றுவதற்காகவே கேட்டார். இது புதிய தத்துவம் அன்று. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தபோது, மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, ஸஃது இப்னு ரபீஉ (ரழி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்கள் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலிலே நின்றார்கள். பிற்காலத்தில் அவர்கள் பெரும் வணிகராகி, அள்ளி அள்ளிக் கொடுத்த வரலாற்றை நாம் அறிவோம்.

பாதியைக் கொடுக்க முன்வந்தவரின் தாராளமும் பெரிது. சந்தையைக் கேட்டவரின் தன்மானமும் பெரிது. நம்மில் எத்தனை பேர் முதலாமவரை மட்டும் பேசிவிட்டு, இரண்டாமவரை மறந்துவிடுகிறோம்! அகதியிடம், "உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? மீனவனுக்கு வலை, தச்சனுக்கு உளி, தையற்காரனுக்கு இயந்திரம், விதவைத் தாய்க்கு இடியப்ப உரலும் ஒரு மூட்டை அரிசி மாவும், மாணவனுக்குப் பரீட்சைக்கு அமர ஒரு மேசையும் விளக்கும். இவையே சந்தையைக் காட்டும் உதவிகள். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் வறியவர்களும் கடனாளிகளும் வழிப்போக்கர்களும் அடங்குவர் என்பதை ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் கூறுகிறது. மஹல்லாவில் ஸகாத்தைச் சில்லறையாகச் சிதறவிடாமல் ஒன்றாகத் திரட்டினால், ஆண்டுதோறும் சில குடும்பங்களையேனும் வரிசையிலிருந்து விடுவித்துச் சந்தைக்கு அனுப்ப முடியும்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. உதவி நீண்டு செல்லும்போது, விருந்தோம்பிய ஊருக்கும் களைப்பு உண்டாகும். புத்தளத்தில் அது நடந்தது. ஒரே பாடசாலையில் காலையில் ஒரு சாராரும் மாலையில் மறுசாராரும் படித்தார்கள். தோட்டக் கூலி வேலைக்குப் போட்டி ஏற்பட்டது. கிணற்று நீர் போதவில்லை. உபசரித்தவர்களின் பிள்ளைகளுக்கும் உபசரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் இடையே "நீங்கள்", "நாங்கள்" என்ற சொற்கள் வளர்ந்தன. குற்றம் இரு சாராரிடமும் இல்லை. ஓராண்டுக்கு என்று நினைத்த சுமை பல ஆண்டுகள் நீண்டதே காரணம். 2007இல் உலக வங்கியின் உதவியுடன் புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கான வீடமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அயலிலிருந்த உள்ளூர் மக்களின் குடிநீர், மலசலகூடத் தேவைகளும் அதில் சேர்க்கப்பட்டன. அகதிக்குக் கிணறு வெட்டுபவர், பக்கத்தில் வாழும் ஏழைக்கும் சேர்த்தே வெட்ட வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

மீண்டும் ஒரு ஒக்டோபர் 30

இனி நான் சொல்லவிருப்பது சிலருக்குக் கசக்கலாம். பொறுமையுடன் கேளுங்கள்.

1995 ஒக்டோபர் 30. நாங்கள் வெளியேற்றப்பட்டதிலிருந்து சரியாக ஐந்தாண்டுகள் கழிந்த அதே நாள். அரச படையினர் யாழ் நகரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். வலிகாமத்து மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தனர். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்கள் கொட்டும் மழையில், ஒரே வீதியில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி இரவு முழுவதும் நகர்ந்தார்கள். 1990இல் தீவகத்திலிருந்து ஓடிவந்து குடாநாட்டில் தங்கியிருந்தவர்களும், அவர்களுக்கு இடம் கொடுத்த வலிகாமத்து வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக நடந்தார்கள். எங்கள் வீட்டில் நடந்த அதே கதை, பல வீடுகளில் நடந்தது.

செய்தி புத்தளம் முகாமை எட்டியது. பள்ளிவாசல் விறாந்தையில் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "எங்கள் சாபம் பலித்தது, அதே தேதியில் பலித்தது" என்றார். பலர் தலையசைத்தார்கள். பதினாறு வயதுடைய நானும் தலையசைத்தேன். மறைப்பானேன்? என் மனத்துக்கு அது இனித்தது. என் தந்தையார் நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பின்னர், "அந்தப் பிள்ளைகள் இன்றிரவு எங்கே படுக்கும்?" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த விறாந்தையில், என் காதறிய, யாரும் அந்தப் பேச்சைப் பேசவில்லை.

அன்பானவர்களே! ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்தை ஸூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனம் கட்டளையாகவே கூறுகிறது. உங்களோடு மார்க்கத்தின் பேரில் போரிடாதவர்களுக்கும், உங்கள் வீடுகளிலிருந்து உங்களை வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்று ஸூரத்துல் மும்தஹினாவின் எட்டாம் வசனம் விளக்குகிறது. வீடுகளிலிருந்து வெளியேற்றுதல் என்ற சொல் அங்கே வருவதைக் கவனியுங்கள். நம்மை வெளியேற்றியவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள். மழையில் நனைந்த தாயும் குழந்தையும் அல்லர். வடக்கில் நாம் வெளியேறியபோது அழுத அயலவர்கள் இருந்தார்கள். மன்னாரில் நமக்காகப் பரிந்து பேசிய கத்தோலிக்கர்களும் இந்துக்களும் இருந்தார்கள். அந்த வெளியேற்றம் தவறானது என்று 2002 ஏப்ரலில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அவர்களே கிளிநொச்சியில் கூறினார். ஆயுதத்தின் குற்றத்தை அயலவனின் தலையில் சுமத்துவது நீதியாகாது.

நமது உம்மத்தின் முதல் அகதிகள் யாரிடம் சென்றார்கள்? நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், மக்காவின் கொடுமை தாங்காத நபித்தோழர்கள் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றார்கள். அங்கே ஆட்சி செய்த நஜ்ஜாஷி மன்னர் அப்போது கிறிஸ்தவர். அவர் மார்க்கத்தைக் கேட்டுப் புகலளிக்கவில்லை; நியாயத்தைக் கேட்டுப் புகலளித்தார். அந்தக் கடனை நாம் இன்னும் அடைக்கவில்லை.

தீவகத்திலும் அத்தகைய கதவுகள் திறந்தன. 2006 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதியில் மீண்டும் சண்டை மூண்டது. மக்கள் அல்லைப்பிட்டி புனித பிலிப் நேரியார் தேவாலயத்துள் தஞ்சம் புகுந்தனர். ஆகஸ்ட் 13ஆம் நாள் அதிகாலையில் அந்த ஆலயத்தின் மீதே எறிகணைகள் வீழ்ந்து, உள்ளே இருந்த பொதுமக்கள் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு நடந்தார்கள். அங்கே புனித மரியாள் தேவாலயம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அம்மக்களை அழைத்துச் சென்ற பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அவர்கள் அடுத்த வாரமே, ஆகஸ்ட் 20இல், காணாமற்போனார். பிறரைக் காக்க முன்வந்த ஒருவர் கொடுத்த விலை அது. மார்க்கம் வேறாயினும், அந்த மனிதரின் துணிவு முன்னே நாம் தலை வணங்காமல் வேறு யார் முன்னே வணங்குவது? அதே ஆகஸ்ட் 11இல் ஏ9 வீதியும் மூடப்பட்டது. குடாநாட்டு மக்கள் அரிசிக்கும் மாவுக்கும் கப்பலை எதிர்பார்த்திருந்தார்கள். நெடுந்தீவு போன்ற இடங்களுக்கோ, குடாநாட்டுக்கு வந்து சேர்ந்ததும் மீண்டும் படகேற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களுக்கான வழிகாட்டிக் கோட்பாடுகளை 1998இல் ஐக்கிய நாடுகள் சபை முன்வைத்தது. அவை முப்பது. உதவி பாரபட்சமின்றி வழங்கப்பட வேண்டும், இடம்பெயர்ந்தவர் தம் விருப்பத்துடனும் பாதுகாப்புடனும் கண்ணியத்துடனும் திரும்பிச் செல்ல வழி செய்யப்பட வேண்டும், இழந்த சொத்தை மீட்க உதவ வேண்டும் என்பன அவற்றின் சாரம். நம் மார்க்கம் கற்பித்ததற்கு இவை அந்நியமானவையா? இல்லவே இல்லை. ஆகவே சிலவற்றை உறுதியாகக் கைக்கொள்வோம்.

முதலாவது, கொண்டு செல்வதற்கு முன் கேளுங்கள். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கம்பி வேலிக்குள் இருந்தபோதும் சரி, வேறெந்த இடப்பெயர்விலும் சரி, சோறு மட்டுமே தேவையாக இருப்பதில்லை. பெண்களுக்குரிய அத்தியாவசியப் பொருட்கள், மறைப்புள்ள குளிக்குமிடம், நோயாளியின் மாத்திரை, குழந்தையின் பால், மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை யாரும் வெட்கத்தினால் கேட்கமாட்டார்கள். நம் சகோதரிகள் சென்று சகோதரிகளிடம் கேட்டால்தான் தெரியவரும். நீங்கள் உடுத்தக் கூசும் பழந்துணியைப் பிறருக்கு மூட்டை கட்டாதீர்கள்.

இரண்டாவது, ஆவணங்களைக் காப்பாற்ற உதவுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ் ஆகியவை தொலைந்தால் மனிதன் இரண்டாம் முறை இடம்பெயர்கிறான். எருக்கலம்பிட்டியில் பிறந்து, 2018இல் மறைந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் அவர்கள், வடபுல முஸ்லிம்களின் இழப்புகளைத் தேடித் திரட்டி நூலாக எழுதி வைத்தார். அரிசி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அந்தப் பதிவு தலைமுறைகளுக்குச் சாட்சி சொல்லும். படித்த இளைஞர்களே, ஒரு முதியவருக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஸதகாவே.

மூன்றாவது, திரும்பிச் செல்பவரைக் கைவிடாதீர்கள். போர் 2009இல் முடிந்தது. ஆனால் 1990இல் வெளியேறியவர்கள் "பழைய அகதிகள்" என்று பெயரிடப்பட்டு, உதவியில் பின்தள்ளப்பட்டனர். ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் நான்கு குடும்பங்களாகத் திரும்பினார்கள்; காணியோ அதே காணி. ஊர் திரும்பியவருக்கு முதலில் தேவைப்படுவது தண்ணீர். தீவகத்தில் நன்னீர் அரிது. ஆண்டுக்கணக்கில் இறைக்காமல் கிடந்த கிணற்றில் மரக்கிளையும் சேறும் நிறைந்திருக்கும், நீர் உவர்த்திருக்கும். அதைத் தூர்வாரி, இறைத்து, சுத்தப்படுத்தினால்தான் அடுப்பு எரியும். பத்து இளைஞர்கள் ஒரு விடுமுறை நாளில் ஒரு கிணற்றை இறைத்துக் கொடுத்தால், அதுவே ஒரு குடும்பத்தை ஊரில் நிலைநிறுத்தும். அது முஸ்லிம் வீட்டுக் கிணறாகவும் இருக்கலாம். சைவ வீட்டுக் கிணறாகவும் இருக்கலாம். தண்ணீருக்கு மதம் தெரியாது.

பெற்றோர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு 1990ஐச் சொல்லிக் கொடுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் 1995ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் அறிந்த பிள்ளை அகதியின் வலியை அறியும். முதலாவதை மட்டும் அறிந்த பிள்ளை பகையை மட்டுமே சுமக்கும்.

போர் முடிந்த பின்னர், என் பிள்ளைகளைக் குறிகட்டுவானிலிருந்து படகேற்றி நயினாதீவுக்கு அழைத்துச் சென்றேன். படகில் இடமில்லை. பூத்தட்டு வைத்திருந்த ஒரு தமிழ் அம்மையார் தம் பேரனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, என் மகளை அருகில் அமர்த்தினார். "எந்த ஊர், பிள்ளை?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். புத்தளத்தில் பிறந்தவள், என்ன பதில் சொல்வாள்? "அவளுடைய உம்மும்மா நயினாதீவு" என்றேன். "அப்போ எங்கட பிள்ளைதான். நாங்களும் தொண்ணூறிலே ஓடினாங்கள்" என்றார் அவர். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

யா அல்லாஹ்! வீடிழந்தவர்களுக்கு வீட்டைக் கொடுப்பாயாக. எங்களுக்கு இடம் கொடுத்தவர்களின் வீடுகளில் பரக்கத் செய்வாயாக. கொடுக்கும்போது எங்கள் கையைப் பணிவுள்ளதாகவும், பெறும்போது எங்கள் முகத்தை நிமிர்ந்ததாகவும் ஆக்குவாயாக. பிறருடைய துன்பத்தில் இன்பம் காணும் நோயிலிருந்து எங்கள் உள்ளங்களையும் எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களையும் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.